வார்டு வரை வராத பணம்: பசுமைக் காலநிலை நிதியத்தின் ஆட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆட்சிக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வளரும் நாடுகள் காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கப் பன்னாட்டுப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பவர்கள் நீங்கள். நீங்கள் கூடி முடிவெடுப்பது தென்கொரியாவின் சோங்டோ நகரை மையமாகக் கொண்டு. நான் இருப்பது நைரோபியில். பாசிப்பயறு, துவரை, தட்டைப்பயறு வாங்கிச் சலித்து, தரம் பிரித்து, கடைக்காரர்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் கொடுப்பது என் தொழில். என் கிடங்குக்கு வரும் பாசிப்பயறில் பெரும்பங்கு தென்கிழக்கே உள்ள மகுவேனி கவுண்டியிலிருந்தும் அதன் பக்கத்து கிட்டுயியிலிருந்தும் வருகிறது. (கவுண்டி என்றால் தனி அரசுள்ள மாவட்டம் மாதிரி.) காலநிலை நிதியைப் பற்றிப் பேச ஒரு பயறு வியாபாரிக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். மழை பொய்த்தால் முதலில் வயலில் தெரியும், அடுத்தது என் கிடங்கில் தெரியும். அவ்வளவுதான் தகுதி.

தமிழில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. மொசாம்பிக், தான்சானியா, மலாவி என்று கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகத் துவரை இந்தியாவுக்குப் போகிறது. நம் வீட்டுச் சாம்பாரில் கொதிக்கும் பருப்புக்கும் இந்தப் பக்கத்து மழைக்கும் உறவு இருக்கிறது. அதைச் சாப்பிடுகிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மகுவேனியில் எந்த ஊருக்கு எந்த வேலை தேவை என்று ஊர்க்காரர்களே முடிவு செய்ய ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. விதிமுறை இருக்கிறது, வார்டுக்கு வார்டு குழு இருக்கிறது. அதில் போடப் பணம்தான் போதவில்லை. உங்கள் பணம் அந்த ஏற்பாட்டுக்குள் நேராக வர வேண்டும். சிறு சிறு தொகையாக வர வேண்டும். கடனாக வரக்கூடாது.

மகுவேனியில் 2019 கணக்கெடுப்பின்படி பத்து லட்சத்துக்குச் சற்றே குறைந்த மக்கள். பெரும்பாலும் காம்பா இனத்தவர். ம்பூனி, கிலுங்கு மலைப்பக்கம் போனால் காபி, காய்கறி எல்லாம் விளையும். அங்கிருந்து கிப்வேசி, ம்தித்தோ அந்தெய் என்று இறங்க இறங்க மழை குறையும். முள்மரமும் ஆனைப்புளியும் செம்மண் புழுதியும்தான். மழைக்கு இரண்டு பருவம். மார்ச் முதல் மே வரை பெய்வதை நெடுமழை என்பார்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதைக் குறுமழை என்பார்கள். பேரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இங்குள்ள விவசாயி நம்பி விதைப்பது குறுமழையைத்தான்.

அந்த நம்பிக்கைதான் முதலில் உடைந்தது. 2020 குறுமழையில் தொடங்கி 2022 குறுமழை வரை, கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் ஐந்து பருவங்கள் வரிசையாகப் பொய்த்தன. நாற்பது ஆண்டுகளில் அப்படி நடந்ததில்லை. புவி சூடாகாமல் இருந்திருந்தால் இத்தகைய வறட்சிக்கான வாய்ப்பு இப்போதிருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இருந்திருக்காது என்று 2023இல் பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று கணக்கிட்டுச் சொன்னது. அதே 2023 கடைசியில் எல் நினோ வந்தது. 2024 ஏப்ரலில் கென்யா முழுக்க வெள்ளம். தண்ணீர் இல்லாமல் தவித்த ஓடைகள் கரையை அறுத்துக்கொண்டு ஓடின.

ஐந்து பருவம் பொய்த்தது என்று உங்கள் அறிக்கைகளில் ஒரு வரியில் எழுதிவிடலாம். கிடங்கிலிருந்து பார்த்தால் அது இப்படி இருந்தது. முதல் பருவத்தில் மூட்டை குறைந்தது. அடுத்ததில் வந்த பயறு சுருங்கி, சல்லடையில் பாதி கீழே போனது. அதற்கு அடுத்ததில் வந்த மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது சாம்பல் கலந்திருந்தது. வண்டு விழாமலிருக்க விதைக்கென்று சாம்பல் போட்டுப் பத்திரமாக வைத்த பயறு அது. அதையே விற்கிறார்கள் என்றால் வீட்டில் வேறொன்றும் இல்லை என்று பொருள். கடைசியில் மழை வந்தபோது, விதைக்குப் பயறு கேட்டு என்னிடமே ஆள் வந்தார்கள். என் கிடங்கில் 'நைலான்' ரகமும் 'அங்கிள்' ரகமும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. (சிரிக்க வேண்டாம், என்26, கேஎஸ்20 என்ற இரண்டு பாசிப்பயறு ரகங்களுக்கு இங்கே வழங்கும் பெயர்கள்தான் அவை.) தங்கள் வயலில் விளைந்ததைத் தாங்கள் விற்ற விலையைவிட அதிகம் கொடுத்துத் திரும்ப வாங்கிப் போனார்கள். சந்தை விலைக்குத்தான் நானும் விற்றேன்.

தாக்குப்பிடித்தவர்களும் உண்டு. யார் தாக்குப்பிடித்தார்கள் என்று பார்த்தால், அனேகமாக அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு மணல் அணை இருக்கும்.

மணல் அணை பார்ப்பதற்கு நம்மூர்த் தடுப்பணை மாதிரிதான். ஆனால் அது தேக்குவது மணலை. மகுவேனியின் ஆறுகளில் பாதிக்கு மேல் வருடத்தில் சில நாட்கள்தான் ஓடும். ஓடும்போது மணலை வாரிக்கொண்டு ஓடும். ஆற்றின் அடிப்பாறை மேலே தெரிகிற இடமாகப் பார்த்து, பாறையைக் கொத்தி அதிலிருந்தே கல்லும் சிமெண்டுமாகச் சுவர் எழுப்புகிறார்கள். வெள்ளம் வரும்போது கனமான மணல் சுவருக்குப் பின்னால் தங்கிவிடும், லேசான வண்டல் சுவரைத் தாண்டிப் போய்விடும். ஒன்றிலிருந்து மூன்று பருவத்துக்குள் சுவரின் உயரத்துக்கு மணல் நிரம்பும். அந்த மணலின் கன அளவில் கால் பங்கிலிருந்து நாற்பது விழுக்காடு வரை தண்ணீர் நிற்கும். இரண்டு மூன்று அடிக்குக் கீழே வெயில் எட்டாது, ஆவியாகாது. கொசு முட்டையிட முடியாது. மாடு இறங்கிக் கலக்க முடியாது. இருபுறக் கரையிலும் நிலத்தடி நீர் ஏறும். அங்கே ஒரு கிணறு தோண்டிக் கைப்பம்பு வைத்தால் கத்தரி, கீரை, மாங்கன்று எல்லாம் பிழைக்கும்.

கைப்பம்பு இல்லாத இடங்களில் பெண்கள் மஞ்சள் பிளாஸ்டிக் கேன்களோடு வருவார்கள். மணலில் குழி பறிப்பார்கள். முதலில் ஊறும் கலங்கலை அள்ளி வெளியே கொட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்து ஊறுவது தெளிந்திருக்கும். சுரைக்குடுவையாலோ வெட்டிய பிளாஸ்டிக் புட்டியாலோ மொண்டு கேனை நிரப்பிவிட்டு, ஆடு வாய் வைக்காமலிருக்கக் குழியைச் சுற்றி முள்ளை இழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆற்றில் ஊற்றுத் தோண்டிப் பழகிய ஊர்களில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அணை கட்டுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். 'ம்வெத்யா' என்று இங்கே ஒரு கூட்டு உழைப்பு முறை உண்டு. இன்று உன் வயலில், நாளை என் வயலில் என்று சேர்ந்து வேலை செய்யும் பழக்கம். அந்தக் குழுக்கள்தான் கல்லும் மணலும் தண்ணீரும் சுமக்கின்றன. வெளியிலிருந்து வர வேண்டியது சிமெண்டு, கம்பி, தெரிந்த ஒரு கொத்தனார், எங்கே கட்டலாம் என்று பார்த்துச் சொல்ல ஒரு பொறியாளர்.

இதில் தோற்றுப்போன அணைகளும் நிறையவே உண்டு. அடிப்பாறை இல்லாத இடத்தில் கட்டினால் தண்ணீர் அடியில் கசிந்து போய்விடும். சுவரை ஒரேயடியாக உயர்த்திவிட்டால் மணலுக்குப் பதில் வண்டல் படிந்து, வெறும் சேற்றுக் குட்டையாகும். பக்கச் சுவர் போதிய நீளம் இல்லையென்றால் வெள்ளம் சுற்றிக்கொண்டு போய்க் கரையை அறுத்து வேறு வழி பிடிக்கும். 2024 வெள்ளத்துக்குப் பிறகு அப்படிப் பக்கம் அறுந்த ஒரு அணையைப் பார்த்தேன். அடுத்த கோடையிலேயே கவனித்திருந்தால் சில பத்து மூட்டை சிமெண்டில் முடிகிற வேலை. யாரும் கவனிக்கவில்லை. சுவர் ஆற்றின் நடுவில் தனியாக நிற்கிறது, ஆறு பக்கத்தில் ஓடுகிறது. கொடையாளியின் பெயர்ப்பலகை மட்டும் பெயிண்ட் மங்காமல் இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, அவர்கள் மட்டும் இப்படி இல்லை என்பதால். புதுச் சுவருக்குப் பணம் கிடைக்கும். பழுதுக்கு யாரிடம் கேட்பது? உங்கள் விண்ணப்பப் படிவங்களில் புதுமை, மாற்றம், பெருக்கம் என்றெல்லாம் கட்டங்கள் இருக்கின்றன. உடைந்த பக்கச் சுவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இந்த மண்ணின் பழைய கதை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. மகுவேனி அப்போது மச்சாகோஸ் மாவட்டத்தின் பகுதி. 1930களில் பிரிட்டிஷ் அதிகாரிகள், காம்பா மக்களின் மாடுகள் நிலத்தைத் தின்று தீர்க்கின்றன, இந்த நாடு பாலைவனமாகிவிடும் என்று முடிவு கட்டினார்கள். மண்ணரிப்பு நிஜம்தான், அதில் பொய்யில்லை. அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம், மாடுகளைக் கட்டாயமாகப் பிடித்து விற்பது. 1938இல் முயின்டி ம்பிங்கு என்பவர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நைரோபிக்கு நடந்து வந்து, கவர்னரைப் பார்க்காமல் போக மாட்டோம் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். அரசு இறங்கி வந்தது. ம்பிங்குவை மட்டும் பிடித்து லாமுத் தீவுக்கு நாடு கடத்தியது. கட்டாய வேலையாகப் போடச் சொன்ன வரப்புகளையும் மக்கள் வெறுத்தார்கள்.

பின்னால் அதே மக்கள், கட்டாயம் இல்லாதபோது, தங்களுக்குப் பிடித்த விதத்தில் வரப்பு போட்டார்கள். சமமட்டத்தில் பள்ளம் தோண்டி மண்ணை மேட்டுப்பக்கம் எறிவது. 'ஃபன்யா ஜூ' என்று பெயர். ம்வெத்யா குழுக்களே மலைச்சரிவு முழுக்கப் போட்டன. 1932இல் சுமார் 2.4 லட்சமாக இருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 1989இல் 14 லட்சமானது. பாலைவனம் ஆகவில்லை, மண்ணரிப்பு குறைந்திருந்தது என்று 1994இல் வந்த ஓர் ஆய்வு பழைய புகைப்படங்களையும் புதியவற்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டியது. எல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை. காபி விலையும் நைரோபிச் சம்பளமும் அதில் நிறைய உதவின. வறண்ட தெற்குப் பகுதிகளின் கதை அவ்வளவு அழகானதுமல்ல. ஆனாலும் யார் முடிவு செய்தார்கள் என்பதைப் பொறுத்து அதே வரப்பு வெறுப்பாகவும் ஆனது, விருப்பமாகவும் ஆனது.

அதனால்தான் 2015ஐப் பற்றிச் சொல்கிறேன். அந்த வருடம் மகுவேனியில் கவர்னருக்கும் கவுண்டிச் சட்டமன்றத்துக்கும் வெட்டுப்பழி குத்துப்பழி. கவுண்டியையே கலைத்துவிடச் சொல்லி மனுப் போய், விசாரணைக் கமிஷனும் கலைக்கலாம் என்று சொல்லி, நாட்டின் ஜனாதிபதி மறுத்தார். அந்தக் களேபரத்துக்கு நடுவில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, ஆற்று மணலைக் காப்பதற்கான சட்டம். நைரோபியின் கட்டடங்களுக்காக லாரி லாரியாக மணல் போய்க்கொண்டிருந்தது; மணல் போனால் தண்ணீரும் போகும் என்று தடுக்கப் போனவர்கள் உயிரையே இழந்த ஊர் இது. தமிழ் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இன்னொன்று, காலநிலை மாற்ற நிதிக்கான விதிமுறைகள். கவுண்டியின் வளர்ச்சிச் செலவில் 1 விழுக்காட்டை இதற்கென்று ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு திட்டக்குழு. எந்த ஆற்றில் அணை, எந்தச் சரிவில் வரப்பு, எந்தக் கிணற்றுக்குப் பழுதுபார்ப்பு என்று அந்தக் குழு எழுதித் தரும். கவுண்டி அளவிலான குழு பொறியியல் சரியா என்று பார்க்கும். விருப்பு வெறுப்பால் தள்ள முடியாது. கென்யாவின் இசியோலோ கவுண்டியில் சோதித்துப் பார்த்துப் பிறகு மற்ற கவுண்டிகளுக்குப் போன முறை இது. அதன் மூல ஏற்பாட்டில் பணத்தில் 70 விழுக்காடு வார்டுக்கு, 20 கவுண்டி அளவிலான வேலைக்கு, நிர்வாகத்துக்கு 10க்கு மேல் போகக் கூடாது.

குழுக்களில் அரசியல் இல்லையா என்றால், இருக்கிறது. கவுன்சிலரின் மச்சான் பெயர் பட்டியலில் ஏறுவதும் நடக்கும். ஆனால் அந்த மச்சான் தன் ஊருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், சந்தை நாளன்று எல்லார் முகத்திலும் விழிக்க வேண்டும். தப்பான இடத்தில் அணை கட்டிவிட்டு விமானம் ஏறிப் போகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

மகுவேனியில் 30 வார்டுகள். வளர்ச்சிச் செலவின் 1 விழுக்காட்டை முப்பதாகப் பிரித்தால் ஒரு வார்டுக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 2021இல் உலக வங்கி இந்த முறையை நாடு முழுதும் கொண்டுபோக 15 கோடி டாலர் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அது கடன். உலகத்தின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஆப்பிரிக்கா முழுதும் சேர்ந்தே 4 விழுக்காடு அளவுக்குத்தான். அதில் இந்த ஆனைப்புளிக் காட்டு விவசாயி விட்டது எவ்வளவு? அவருடைய மணல் அணைக்கான பணத்தை அவர் பிள்ளைகள் வரிகட்டித் திருப்ப வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

இனி உங்கள் பக்கத்துக் கணக்கு. 2003 முதல் 2016 வரை பன்னாட்டுக் காலநிலை நிதியங்கள் கொடுத்த பணத்தில் உள்ளூர் அளவிலான வேலைகளுக்கென்று போனது 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்று லண்டனில் ஓர் ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டது. வளரும் நாடுகள் காலநிலை மாற்றத்தைத் தாக்குப்பிடிக்க ஆண்டுக்கு 21,500 கோடி முதல் 38,700 கோடி டாலர் வரை தேவை என்று ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2023இல் சொன்னது. 2022இல் அரசுகளின் வழியாக வந்தது சுமார் 2,800 கோடி. பிரேசிலின் பெலெம் நகரில் 2025இல் ஐநா காலநிலை மாநாட்டுக்கு நாடுகள் கூடியபோது, 2035க்குள் இதை மூன்று மடங்காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்று மடங்கானாலும் இதே குழாய் வழியாகத்தான் வரும் என்றால் வார்டுக்கு என்ன வந்து சேரும்? உங்களிடம் பணம் வாங்க ஒரு நிறுவனம் அங்கீகாரம் பெற வேண்டும், அதற்கு வருடக்கணக்காகும். அங்கீகாரம் பெற்ற பெரிய அமைப்பு தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும், அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே ஆலோசகர். இவ்வளவு கை மாறுகிற சரக்கு எடை குறையாமல் வந்து நான் பார்த்ததில்லை.

வழி இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. முடிவெடுக்கும் உரிமையை நாட்டுக்கே விட்டுவிடும் சோதனை வழி ஒன்றை 2015இல் நீங்களே திறந்தீர்கள். நமீபியாவின் சுற்றுச்சூழல் முதலீட்டு நிதியம் 2016இல் அதில் 1 கோடி டாலர் பெற்று, ஊர்ச் சமூகங்களின் திட்டங்களுக்குச் சிறு மானியங்களாகப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றது. பத்து ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் எவ்வளவு நாள் அது சோதனையாகவே இருக்கும்? நேரடி அங்கீகாரம் பெற்ற தேசிய அமைப்பு கென்யாவிலும் உண்டு, அதன் கீழே கவுண்டி நிதிகள் தயாராக இருக்கின்றன.

பெரிய திட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதி ஆறும் துவாக்கே ஆறும் கூடும் இடத்தில் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கிக் கடனில் துவாக்கே அணை எழும்பிக்கொண்டிருக்கிறது. எண்பது மீட்டர் உயரம். மகுவேனியின் தலைநகரான வோட்டேக்குத் தண்ணீர் வேண்டும்தான். ஆனால் 2018இல் தொடங்கிய வேலைக்குச் சொன்ன தேதிகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. அதி ஆறு நைரோபியின் கழிவைச் சுமந்துகொண்டு வருகிறது என்பது வேறு கவலை. அந்தத் தண்ணீர் குழாயில் வரும் வரை மேட்டு ஊர்க்காரர் ஆற்று மணலைத்தான் தோண்டியாக வேண்டும்.

என் தொழில் சம்பந்தமாக ஒன்று. தாக்குப்பிடிக்கும் பயிர் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் பேசும்போது பாதிப் பேர் மக்காச்சோளத்தின் புது ரகத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். மகுவேனியின் தாழ்ந்த பகுதிகளில் மக்காச்சோளம் ஒரு சூதாட்டம். பாசிப்பயறு அறுபது, அறுபத்தைந்து நாளில் கைக்கு வந்துவிடும். துவரை வேர் ஆழமாக இறங்கி, மற்றதெல்லாம் காய்ந்த பிறகும் நிற்கும். இது விவசாயிக்குத் தெரியாதா என்ன! ஆனால் இங்கே அன்றாடம் சாப்பிடும் உகாலிக் களியைக் கிண்டுவது மக்காச்சோளத்தில், நிவாரணமாக வருவதும் அதுவே, அரசு தானியக் கழகம் முதலில் வாங்குவதும் அதுவே. பயறுக்கு அப்படி நிச்சயமான ஆள் இல்லை. அறுவடை முடிந்ததும் வண்டுக்குப் பயந்து, வந்த தரகரிடம் இரண்டு கிலோ 'கோரோகோரோ' டப்பாவால் அளந்து விற்றுவிடுகிறார்கள். டப்பாவின் அடி நசுங்கியிருந்தால் லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகள் இப்போது கிடைக்கின்றன. அதில் கட்டி வைத்தால் வண்டு மூச்சு முட்டிச் செத்துப்போகும், நான்கைந்து மாதம் பொறுத்து நல்ல விலைக்கு விற்கலாம், விதையும் தங்கும். அவர்கள் பொறுத்திருந்தால் நான் கூடுதலாகக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எனக்கு நஷ்டம்தான். இருந்தாலும் சொல்கிறேன், ஐந்து பருவம் பொய்த்து ஆளே இல்லாமல் போனால் யாரிடம் வாங்குவேன்?

ஒரு வார்டுக் குழு அணையைக் கேட்கும், அடுத்த வார்டு விதைக் கிடங்கைக் கேட்கும், இன்னொன்று பழைய சுவருக்குச் சிமெண்டு கேட்கும். கேட்கட்டும். அதைச் சோங்டோவிலிருந்து ஒரே அச்சில் வார்க்க முயலாதீர்கள். பழுதுபார்க்க என்று ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். கணக்குக் கேளுங்கள், கறாராகவே கேளுங்கள். ஆனால் அந்தக் கணக்கை வோட்டேயில் ஊர்க்காரர்கள் முன்னால் வாசித்துக் காட்டவும் சொல்லுங்கள்.

கடைசியாக, தேதி. மகுவேனியில் ஆற்றுக்குள் இறங்கித் தொடர்ந்து பல மாதம் வேலை செய்ய முடிவது ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான். அதற்குள் பாறையைக் கொத்திச் சுவரை எழுப்பி ஆறவிட வேண்டும், அக்டோபர் பாதியில் மேகம் கூடிவிடும். பணம் நவம்பரில் வந்தால் ஒரு வருடம் போச்சு. சிமெண்டு கிடங்கிலேயே கல்லாகிவிடும். ஆகவே உங்கள் நிதியிலிருந்து கவுண்டிக்கு எந்தத் தொகை ஒப்புதலானாலும், அது வார்டுக் குழுவின் கணக்கில் மே மாதக் கடைசிக்குள் விழும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தாமதமானால் ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் பதவியோடு எழுதுங்கள்.

இப்படிக்கு,
நைரோபியிலிருந்து ஒரு பயறு வியாபாரி